தையல் இல்லாத வளையம்: பாப்பாவுக்குப் பல் முளைத்த ராத்திரிகளில் நான் வாங்கிப் பார்த்த பொருள்கள்

நாச்சியார்கோவிலில் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். பதினோரு வருடமாக மெஷின் மிதிக்கிற கால். எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் அதை எங்கே சேர்த்திருக்கிறார்கள், எங்கே மூட்டியிருக்கிறார்கள் என்றுதான் கண் முதலில் தேடும். பாப்பாவுக்கு முதன்முதலில் டீத்தர், அதாவது பல் முளைக்கிற பிள்ளை கடிக்கும் சாமான், வாங்கிய அன்று மட்டும் அப்படிப் பார்க்காமல் விட்டுவிட்டேன். அதனால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

ஆடி மாதம். பாப்பாவுக்கு ஆறு மாதம் முடிந்து பத்து நாள். வாய்க்காலில் தண்ணீர் வந்து, ராத்திரி முழுக்கத் தவளைச் சத்தம். அந்தச் சத்தத்திலும் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை, ஒருநாள் ஒன்றரை மணிக்கு வீல் என்று எழுந்தாள். பால் கொடுத்தால் நாலு வாய் குடிப்பாள், உடனே விட்டுவிட்டு அழுவாள். மறுபடி வாய் வைப்பாள், மறுபடி அழுவாள். முஷ்டி இரண்டும் வாய்க்குள். சட்டையின் முன்பக்கம் ஜொள்ளில் நனைந்து மார்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். இங்கே ஒன்றரை என்றால் அங்கே நாலு மணி, வேலைக்குக் கிளம்புகிற நேரம். வீடியோவில் அவளைப் பார்த்துவிட்டு, “பசியா, வயிறு வலியா?” என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

அத்தை எழுந்து வந்து, கையைக் கழுவிக்கொண்டு, ஆள்காட்டி விரலை அவள் வாய்க்குள் விட்டுக் கீழ் ஈறைத் தடவிப் பார்த்தார். “முரசு தடிச்சிருக்கும்மா. பல்லு வருது” என்றார். அவர் ஈறை லேசாக அழுத்திய அந்த நிமிடமே பாப்பா அழுகையை நிறுத்திவிட்டாள். விரலை எடுத்ததும் மறுபடி ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததில் எனக்கு ஒன்று விளங்கியது. உள்ளிருந்து பல் மேலே முட்டுகிறது. அதற்கு எதிராக வெளியிலிருந்து ஒரு அழுத்தம் கிடைத்தால் பிள்ளைக்குச் சுகமாக இருக்கிறது. பகலில் வேடிக்கை பார்க்க ஆயிரம் விஷயம் இருப்பதால் வலியை மறந்திருக்கிறாள். ராத்திரியில் இருட்டும் அந்த ஈறும் மட்டும்தானே.

சரி, ராத்திரி முழுக்க விரலைக் கொடுத்துக்கொண்டு உட்கார முடியாது. ஆடித் தள்ளுபடிக்கு எடுத்த புடவைக்கெல்லாம் ரவிக்கை என்று காலையில் வரிசையாக வந்துவிடுவார்கள். மறுநாளே கும்பகோணத்துக்கு பஸ் ஏறினேன்.

ஒரு பேன்சி ஸ்டோரில் மாம்பழ வடிவத்தில், உள்ளே தண்ணீர் நிரப்பிய டீத்தர் இருந்தது. பிடியில் கிலுகிலுப்பை. 95 ரூபாய். பார்க்க அழகு, ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் ஜில்லென்று இருந்தது. முதல் ராத்திரி பாப்பா அதைப் பத்து நிமிடம் விடாமல் கடித்தாள். நான் கும்பிடாத குறை. ஒன்பதாவது நாள் ராத்திரி கையில் எடுத்தபோது பிசுபிசுத்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், மாம்பழத்தின் இரண்டு பாதிகளையும் சூடு வைத்து ஒட்டிய விளிம்பில், ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு. அழுத்தினால் ஒரு சொட்டு வெளியே வந்து நின்றது. அது சுத்தமான தண்ணீரா, வேறு ஏதாவது கலந்ததா, எத்தனை நாளாக உள்ளே கிடக்கிறது, யாருக்குத் தெரியும்? அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். தயாரித்தவர் முகவரி இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லை. விளையாட்டுச் சாமான்களுக்கு 2021 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் அந்த முத்திரை கட்டாயம். வாங்கும்போதே அட்டையைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். அன்று ராத்திரி முழுக்க அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. தண்ணீரோ ஜெல்லோ நிரப்பிய எதையும் இனி யார் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டேன். அந்த விளிம்பு ஒரு தையல். பிள்ளை ராத்திரி பகலாகக் கடிக்கிற இடத்தில் தையல் இருக்கவே கூடாது.

அடுத்தது ஜெல். தெருவில் ஒரு அக்கா, “என் பையனுக்கு இதைத்தான் தடவினேன், அஞ்சு நிமிஷத்துல தூங்கிடுவான்” என்று வாய்ப்புண்ணுக்குத் தடவுகிற ஜெல்லை எடுத்துக்கொண்டு வந்தார். அன்போடு கொண்டு வந்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நானும் மூடியைத் திறந்துவிட்டேன். அப்புறம் அதில் எழுதியிருந்த மருந்துப் பெயர்களைப் படம் எடுத்து, தடுப்பூசிக்குப் போகும்போது குழந்தை டாக்டரிடம் காட்டினேன். கோலின் சாலிசிலேட், லிக்னோகெய்ன் என்று இரண்டு பெயர். அவர் படத்தைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். முதலாவது ஆஸ்பிரின் குடும்பத்து மருந்து. பிரிட்டனில் 2009லிருந்தே 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வாயில் தடவ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவது மரக்கவைக்கிற மருந்து. ஈறில் தடவினால் எச்சிலோடு தொண்டைக்குப் போகும். தொண்டை மரத்தால் பிள்ளைக்கு விழுங்கத் தெரியாது, புரையேறும். அதிகம் உள்ளே போனால் வலிப்புகூட வரலாம், இதயத்தையும் பாதிக்கலாம். பென்சோகெய்ன் என்று இன்னொரு மரக்கவைக்கிற மருந்து உண்டு. அது ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கிற சக்தியையே குறைத்துவிடக்கூடும் என்று சொல்லி, இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பல் வலிக்காக அதை விற்க வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018ல் கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது. “இவ்வளவு ஜொள்ளு ஊத்துற வாயில தடவுனா அந்த மருந்து அங்க எத்தனை நிமிஷம் நிக்கும்னு நினைக்கிறீங்க?” என்று டாக்டர் கேட்டார். அது எனக்கு நன்றாக உறைத்தது. பலன் நிற்காது, ஆபத்து மட்டும் உள்ளே போகும். ஜெல்லை அக்காவிடமே திருப்பிக் கொடுத்து, விஷயத்தையும் பக்குவமாகச் சொன்னேன். அவருக்கு அடுத்த பிள்ளை வயிற்றில்.

வசம்பு வளையல் பற்றி எழுதத்தான் எனக்குக் கொஞ்சம் தயக்கம். அத்தை ராத்திரியில் அதன் பெயரைக்கூட உச்சரிக்க மாட்டார், “பேர் சொல்லாதது” என்றுதான் சொல்வார். பிறந்த பதினோராம் நாளிலிருந்து அது பாப்பா கையில் இருக்கிறது. பல் வரும் காலத்தில் அவள் கை எப்போதும் வாயில், கையோடு வளையலும் வாயில். ஒருநாள் பார்த்தால் ஒரு துண்டு வசம்பு பாதி கரைந்து, கோத்த நூல் இழை இழையாகப் பிரிந்திருந்தது. இன்னும் இரண்டு நாள் போனால் அந்தத் துண்டு கழன்று தொண்டைக்குப் போயிருக்கும். நான் எதுவும் பேசவில்லை. பிரிந்த நூலை மட்டும் அத்தையிடம் காட்டினேன். அவரும் கைவேலை தெரிந்தவர், கூடை முடைவார். நூலை விரலில் வைத்து இழுத்துப் பார்த்தார், பட்டென்று அறுந்தது. அவரே வளையலைக் கழற்றித் தூளி கட்டும் கயிற்றின் உச்சியில், பாப்பாவுக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிட்டார். அங்கே அது இப்போதும் இருக்கிறது.

இப்போது நான் மனதாரச் சொல்லும் பொருளுக்கு வருகிறேன். ஒரே வார்ப்பில் வந்த சிலிகோன் வளையம். கும்பகோணத்தில் ஒரு மருந்துக் கடையில் 220 ரூபாய்க்கு வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று நான் சொல்லப் போவதில்லை. இதே மாதிரி நாலைந்து கம்பெனிகள் செய்கின்றன, கையில் எடுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். நான் கடையிலேயே வளையத்தைச் சுற்றி நகத்தை ஓட்டினேன். ஒட்டிய விளிம்பு எதுவும் நகத்தில் தட்டவில்லை. முறுக்கினேன், இழுத்தேன், ஒரு விரிசலும் தெரியவில்லை. கண், மூக்கு, மணி என்று தனியாக ஒட்டிய எதுவும் கிடையாது. எங்கள் ஊர்க் குத்துவிளக்கையே துண்டு துண்டாக வார்த்து, மரை போட்டுத்தான் பூட்டுகிறார்கள். புளி போட்டுத் தேய்க்கும்போது அழுக்கு கடைசி வரைக்கும் போகாத இடம் அந்த மரைதான். பூட்டே இல்லாத பொருளில் அழுக்கு ஒளிந்துகொள்ள இடம் இல்லை.

வளையத்தின் கனம் என் சுண்டு விரல் அளவு. பாப்பாவின் உள்ளங்கை அதைச் சுற்றி மூடிக்கொள்கிறது. இதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். விரலோ துணியோ நாம் கொடுத்தால், வலிக்கிற இடத்தை நாம் ஊகித்து அழுத்துகிறோம். வளையத்தை அவளே பிடித்து, அவளே திருப்பி, தனக்கு வேண்டிய இடத்தில் வைத்துக் கடிக்கிறாள். முதல் இரண்டு நாள் மூக்கில் இடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் ராத்திரி மின்விளக்கைப் போடாமல் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். வலது கையால் பிடித்துக் கீழ் ஈறின் நடுவில் வைத்து நறநறவென்று அரைத்தாள், நிறுத்தினாள், பெருமூச்சு விட்டாள், மறுபடி அரைத்தாள். வளையத்தின் ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சின்னச் சின்னப் புடைப்புகள். அவள் புடைப்புள்ள பக்கத்தைத்தான் தேடித் திருப்புகிறாள். ஆறரை மாதத்துப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரிகிறது என்பதை நான் இருட்டில் படுத்துக்கொண்டு பார்த்தேன்.

கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிடம் போடலாம், உருகாது, நிறம் மாறாது. குறையும் உண்டு. குளிர்ச்சி இதில் நிற்பதில்லை. ஃபிரிட்ஜில் கால் மணி நேரம் வைத்து எடுத்தால் ஐந்தே நிமிடத்தில் சாதாரணமாகிவிடும். மாம்பழம் இந்த விஷயத்தில் மேல். இன்னொன்று, சிலிகோன் தூசியை இழுத்து ஒட்டிக்கொள்கிறது. தையல் வீட்டில் நூல் பிசிறு இல்லாத இடம் ஏது? ஒருமுறை கீழே விழுந்தால் சிவப்பு, பச்சை, ஜரிகை என்று அன்றைக்கு வெட்டிய துணியெல்லாம் அதில் ஒட்டியிருக்கும். அதனால் மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில்தான் வைக்கிறேன். மஞ்சள் நிறத்தில் வாங்கினேன், ராத்திரியில் தேடச் சுலபம்.

ஃப்ரீசரில் வைக்காதீர்கள். கல்லாக உறைந்த பொருள் ஏற்கனவே வீங்கிய ஈறை இன்னும் புண்ணாக்கும். கீழ்த்தட்டுக் குளிர்ச்சி போதும், வீக்கம் கொஞ்சம் அடங்கும், வலி மந்தமாகும். அதே மாதிரி வளையத்தைத் தூளிக்குள் போட்டுத் தூங்க வைக்காதீர்கள். கடித்துக்கொண்டே கண் சொக்கும்போது நான் எடுத்துவிடுவேன். சட்டையில் மாட்டுகிற ரிப்பன் கிளிப்பும் படுக்கையில் வேண்டாம், கயிறு எந்த வடிவத்தில் இருந்தாலும் கழுத்துக்குக் கயிறுதான்.

இந்தக் கழுத்துக் கயிறு விஷயத்தில்தான் வீட்டுக்காரரிடம் ஒரு சின்ன வாக்குவாதம். பல் வலிக்கு அம்பர் மணி மாலை போட்டால் குறையும் என்று உடன் வேலை செய்பவர் யாரோ சொல்லி, பார்சலில் அனுப்பட்டுமா என்று கேட்டார். கழுத்தில் போடுவதா என்று கேட்டேன், ஆமாம் என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். தூங்கும்போது அப்படி ஒரு மாலை இறுக்கி ஒன்றரை வயதுக் குழந்தை இறந்துபோனதைச் சொல்லி 2018ல் எஃப்.டி.ஏ. எச்சரித்ததைப் படித்துக் காட்டினேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

கரண்ட் போன ராத்திரிகளில் ஃபிரிட்ஜை நம்ப முடியவில்லை. அப்போதுதான் துணி. அத்தை வீட்டு எட்டு முழ வேட்டி ஒன்று, துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆகியிருந்தது. அதில் சாண் அகலத்துக்குச் சதுரமாக வெட்டி, நாலாக மடித்து, ஓரத்தை உள்ளே திருப்பி இரண்டு வரித் தையல் போட்டேன். ஒரு மூலையை மட்டும் குண்டாகச் சுருட்டி, குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தேன், அது கடிப்பதற்கு. மற்ற மூலை பிடிப்பதற்கு. மெஷினில் முடிக்கும்போது வரும் நூல் வாலை வெட்டி மட்டும் விடக் கூடாது, உள்ளே இழுத்து முடிச்சிட வேண்டும். இல்லாவிட்டால் இழை வாயில் வந்துவிடும். தையல் கூடாது என்றவள் தையல் போட்டதை வாயில் கொடுக்கிறாயே என்று கேட்டால், இது நான் போட்ட தையல், தினமும் துவைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் கொடுக்கிறேன். நைந்தால் அன்றே தூக்கிப் போட்டுவிட்டு வேறு தைக்கிறேன். ஐந்து வைத்திருக்கிறேன். கொதித்து ஆறிய தண்ணீரை ஒரு சின்ன மண்பானையில் மூடி வைத்து, அதில் துணியை நனைத்துப் பிழிந்து கொடுப்பேன். பானைத் தண்ணீர்க் குளிர்ச்சி பிள்ளையின் வாய்க்கு மிகச் சரியான குளிர்ச்சி, ஃபிரிட்ஜைப் போல் திடுக்கிட வைப்பதில்லை. பாப்பா துணியை உறிஞ்சிக்கொண்டே தூங்கியிருக்கிறாள். அதற்காகும் செலவு, நூல்கண்டில் நாலு கஜம்.

தேனைத் துணியில் தொட்டுக் கொடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வயது முடியும் வரை தேன் கூடவே கூடாது, பொட்டுலிசம் என்ற கொடிய நோயைக் கொடுக்கும் கிருமி அதில் இருக்கக்கூடும். கேரட்டை நீளமாக வெட்டிக் கொடுப்பதும் வேண்டாம், கடித்து உடைந்த துண்டு மூச்சுக் குழாயில் அடைக்கும்.

எதற்கும் அடங்காத ராத்திரி மூன்று வந்தது. அதற்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது பாராசிட்டமால் சொட்டு மருந்து. இதில் அளவுதான் எல்லாம். ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். பாப்பா அப்போது 7.2 கிலோ. என் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம், அதனால் 0.8 மில்லி என்று எழுதினார். வீட்டில் பெரிய பிள்ளைகளுக்கான சிரப் இருந்தால் அதில் 5 மில்லிக்குத்தான் 125 மில்லிகிராம் இருக்கலாம், அதாவது மில்லிக்கு 25. அப்படியானால் சொட்டு மருந்து நாலு மடங்கு காட்டம். சிரப்பின் அளவை நினைத்துக்கொண்டு சொட்டு மருந்தை ஊற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். என் கணக்கை யாரும் அப்படியே எடுக்க வேண்டாம், உங்கள் பிள்ளை எடைக்கு உங்கள் டாக்டர் எழுதியது எதுவோ அது. நான் பாட்டிலின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவில் 0.8 என்று எழுதி வைத்தேன். தூக்கக் கலக்கத்தில் அதுதான் கைகொடுத்தது. கடையில் பொதுவாக “வலிக்குச் சொட்டு மருந்து” என்று கேட்காமல் பாராசிட்டமால் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நிமசுலைடு என்ற வலி மருந்து 12 வயதுக்குக் கீழே நம் நாட்டில் 2011லிருந்து தடை.

நான்காவதாக ஒரு ராத்திரி, உடம்பு கொதித்தது. தெர்மாமீட்டரில் 101.6. காதை வேறு இழுத்துக்கொண்டே அழுதாள். “பல்லுக் காய்ச்சல், ரெண்டு நாள்ல எறங்கிடும்” என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பல் வரும்போது உடம்பு லேசாக வெதுவெதுப்பாகலாம், 100.4க்கு மேல் போனால் அது பல்லால் வந்தது இல்லை என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தது காதில் ஒலித்தது. வயிற்றுப்போக்கும் அப்படித்தான், பல் மேல் பழி போடக் கூடாது. விடிந்ததும் தூக்கிக்கொண்டு ஓடினோம். காதுக்குள் சிவந்து வீங்கியிருந்தது. மருந்து கொடுத்தார், மூன்றாம் நாள் பழைய பிள்ளையானாள். வந்தவர்கள் பேச்சைக் கேட்டு வீட்டிலேயே வளையத்தைக் கொடுத்துக்கொண்டு இருந்திருந்தால் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

ஜொள்ளால் தாடையும் கழுத்து மடிப்பும் சிவந்துபோனதற்குப் படுக்கும் முன் துடைத்து, உலர்த்தி, வாஸலின் மெல்லிசாகத் தடவினோம். சரியாகிவிட்டது.

முதல் பல் வந்ததைக் கண்ணால் பார்க்கும் முன்பு காதால் கேட்டோம். ஏழாம் மாதம், அத்தை வெள்ளிப் பாலாடையில் ஆறிய தண்ணீர் கொடுத்தபோது ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். அத்தை பாலாடையை எடுத்துவிட்டு மறுபடி மெதுவாகத் தட்டினார், மறுபடி ‘டிக்’. நான் மெஷினை நிறுத்திவிட்டு ஓடினேன். கீழே, நடுவில், அரிசி நொய் மாதிரி ஒரு வெள்ளை முனை. அவருக்கு அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து அனுப்பினேன்.

இப்போது ஒன்பது மாதம். கீழே இரண்டு பல், மேல் ஈறு தடித்துக்கொண்டு வருகிறது. அதே வளையம்தான். பல் வந்த பிறகு ஒரு வேலை கூடியிருக்கிறது: முன்பு ஈறால் கடித்தாள், இப்போது பல்லால் கடிக்கிறாள், அதனால் தினமும் கழுவும்போது வளையத்தை விளக்குக்கு நேரே வளைத்து, வெட்டு விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். போன வாரம் புடைப்புள்ள பக்கத்தில் நகக் கீறல் மாதிரி ஒரு கோடு தெரிந்தது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு, அதே கடையில், அதே மஞ்சளில் இன்னொன்று வாங்கி வந்தேன். விலை பத்து ரூபாய் ஏறியிருக்கிறது.